மேஜரின் ரத்தம்

மேஜர் மூன்று நாளாக யாரையும் கடிக்கப் போகவில்லை என்பதை முதலில் கவனித்தவர் கூரியர்காரர். தாராவியின் அந்தச் சந்துக்குள் நுழையும்போதெல்லாம் பையை முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி, நண்டு மாதிரி பக்கவாட்டில் வருவது அவர் வழக்கம். அன்றைக்கும் அப்படியே வந்தார். பார்சலைக் கொடுத்தார், கையெழுத்து வாங்கினார், பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "குத்தா கிதர் ஹை?" என்று நாயைப் பற்றிக் கேட்டார்.

சிங்கராயர் திரும்பிப் பார்த்தார். பெல்ட் வெட்டிய துண்டுத் தோல்களைப் போட்டுவைக்கும் சாக்கின் மேல் மேஜர் படுத்திருந்தான். ஒரு கண்ணை மட்டும் திறந்து கூரியர்காரரைப் பார்த்தான். பிறகு அதையும் மூடிக்கொண்டான்.

"தபியத் கராப் ஹை க்யா?" என்று கூரியர்காரர் அவன் உடம்பைப் பற்றி நிஜமான கவலையோடு கேட்டபோதுதான் சிங்கராயரும் மேஜரை உற்றுப் பார்த்தார்.

சிங்கராயருக்கு ஐம்பத்தெட்டு வயது. கீழே பெல்ட் தைக்கும் பட்டறை, மேலே வீடு, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. மகள் ஜெனிஃபர் கல்யாணமாகி டோம்பிவிலிக்குப் போனபிறகு மேலே அவரும் மனைவி இருதயமேரியும் மட்டும். கீழே இரண்டு நாய்கள். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் பட்டறை ஷட்டருக்கு அடியில் நனைந்து கிடந்த அண்ணன் தம்பிகள். பார்த்தவரையெல்லாம் விரட்டியவனுக்கு மேஜர் என்று பெயர் வைத்தார்கள். எந்நேரமும் தன் நெஞ்சையும் பாதத்தையும் நக்கிச் சீவிக்கொண்டு, சந்தில் பெண்நாய் ஏதாவது போனால் நிமிர்ந்து உட்காருபவனுக்கு மைனர் என்று பெயர். இரண்டு பேருக்கும் ஒரே பழுப்பு நிறம், ஒரே மாதிரி மடங்கிய இடது காது. மேஜரின் வால் நுனி மட்டும் சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல வெள்ளையாக இருக்கும்.

மேஜர் இப்படிச் சுருண்டு கிடப்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இருதயமேரி கண்ணேறு என்றாள். சிங்கராயர் ஞாயிற்றுக்கிழமை மட்டன் எலும்பின் மேல் பழியைப் போட்டார். எதிர்ப் பட்டறை ஹமீது வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, அது எலும்பும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணுக்குள்ள பாரும், வெளுத்துக் கெடக்கு," என்றார்.

ஹமீது பை தைப்பவர். ஐந்து வேளையும் தொழுகைக்குப் போகிறவர் என்பதால் நாயைத் தொடமாட்டார். ஆனால் மேஜர் குட்டியாக இருந்தபோது ஒருநாள் தன் வாசற்படியில் பதித்திருந்த தகரப் பட்டையைக் காட்டி, "இதுக்கு மேல வரக்கூடாது, கேட்டியா?" என்று சொல்லியிருந்தார். உலகத்தில் யார் சொன்னதையும் கேட்காத மேஜர் அதை மட்டும் கேட்டான். மதியம் முழுவதும் மூக்கு அந்தப் பட்டையைத் தொட்டும் தொடாமலும் படுத்திருப்பான். ஹமீது மிஷினை ஓட்டிக்கொண்டே, ஜிப் மட்டமாக வருவது, பை வாங்கும் வாஷி பார்ட்டி போனை எடுக்காதது என்று எல்லாக் குறையையும் அவனிடம்தான் சொல்வார். சொந்தப் பிள்ளைகளிடம்கூட அவர் அவ்வளவு பேசியதில்லை.

அன்று மாலை மேஜரின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதற்குமேல் யாரும் காரணம் சொல்லவில்லை. சிங்கராயர் டாக்ஸி பிடித்து மாட்டுங்காவுக்கு ஓடினார்.

டாக்டர் வந்தனாவின் கிளினிக் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் சரளமாகப் பேசுவாள். கடைப் பெயர்ப்பலகையைத் தமிழில் படிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துக்கூட்டுவாள். மேஜரின் வாயில் துணி நாடாவைச் சுற்றிக் கட்டி, உதட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு கடுதாசி போல வெளுத்திருந்தது. காய்ச்சல் நூற்று நான்கரை. அடிவயிற்றில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். விரலிடுக்கில் இரண்டு உண்ணிகள்.

"அங்கிள், இது உண்ணி கடிச்சு வர்ற வியாதி. ரத்தத்துக்குள்ள கிருமி போயிருக்கு," என்றாள். "ஆனா அதுல நாலஞ்சு வகை இருக்கு. எதுன்னு தெரியாம மருந்து குடுக்க முடியாது. ஒண்ணைக் கொல்ற மருந்து இன்னொண்ணை ஒண்ணுமே பண்ணாது. ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

அவள் ஊசியை எடுத்ததுதான் தாமதம். அதுவரை செத்த மாதிரி கிடந்த மேஜருக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, நாடாவை உதறிவிட்டு, மேஜையிலிருந்த துண்டைக் கிழித்து, சிங்கராயரின் கட்டைவிரலிலும் ஒரு பல் பதித்தான். மூக்கில் மறுபடியும் ரத்தம் கசிந்தது.

வந்தனா உடனே கையை எடுத்துவிட்டாள். "இப்ப வேண்டாம். முண்டினா இன்னும் ரத்தம் போகும். மயக்க ஊசி போடற நெலமையிலயும் அவன் இல்லை. நாளைக்குக் கார்த்தால எங்க லேப்ல இருக்கற கலைச்செல்வி உங்க வீட்டுக்கே வருவா. அவனோட சொந்த எடம்னா கொஞ்சம் அடங்குவான். அவன் சொன்னபடி கேக்கற ஆள் யாராவது பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்."

அப்படிப்பட்ட ஆள் வீட்டில் யார் என்று சிங்கராயர் டாக்ஸியில் வரும் வழியெல்லாம் யோசித்தார். யாரும் இல்லை.

மறுநாள் புதன்கிழமை. இருதயமேரி மேஜருக்காக ஒரு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு மாஹிம் மாதா கோவில் நவநாளுக்குப் போயிருந்தாள். ஒன்பது மணிக்குக் கலைச்செல்வி ஸ்கூட்டரில் செம்பூரிலிருந்து வந்து இறங்கினாள். நாற்பது வயதுக்காரி. முதல்நாள் விடுப்பில் இருந்ததால் மேஜரை அவள் பார்த்ததில்லை. கண்ணாடித் தகடுகள், ஊசி, குட்டிக் குழாய்கள் எல்லாவற்றையும் தோல் வெட்டும் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, "இதுல மேஜர் யாருண்ணே?" என்று கேட்டாள்.

சாக்கின் மேல் படுத்திருந்த மேஜர், கேள்வி புரிந்தவன் போல, மேலுதட்டை மெதுவாகத் தூக்கி ஒரே ஒரு பல்லைக் காட்டினான். சிங்கராயர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். கட்டு இன்னும் ஈரமாக இருந்தது. மைனரோ புதிதாக ஒரு பெண்மணி வந்திருக்கிறாள் என்பதால் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

ஒரே தாய் வயிற்றில், ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒரே தட்டில் தின்று, ஒரே சாக்கில் படுத்து, ஒரே உண்ணியிடம் கடி வாங்குகிறவர்கள். ரத்தம் மட்டும் வேறாகவா இருந்துவிடப் போகிறது? சிங்கராயருக்கு அந்த நிமிடத்தில் இது அசைக்கமுடியாத நியாயமாகத் தெரிந்தது.

"இவன்தான்," என்று மைனரைக் காட்டினார்.

"அப்போ அது?"

"அது சும்மா... தூங்குது."

மைனர் கேட்காமலே முன்னங்காலை நீட்டினான். கலைச்செல்வி அவன் காது நுனியில் குத்தி, ஒரு சொட்டை எடுத்துத் தகட்டில் தீற்றி, விசிறிக் காயவைத்தாள். பிறகு காலிலிருந்து இரண்டு மில்லி எடுத்தாள். மைனர் அவள் மணிக்கட்டை நக்கினான். "இவ்வளவு சாதுவான பிள்ளையவா டாக்டர் அந்தப் பாடு சொன்னாங்க?" என்று அவள் ஆச்சரியப்பட்டுக்கொண்டே குழாயின் மேல் மேஜர் என்று எழுதினாள்.

மாலை ஐந்து மணிக்கு வந்தனாவிடமிருந்து போன்.

"அங்கிள், ஸ்லைடைப் பார்த்தேன். சிவப்பணுவுக்குள்ள குட்டி குட்டி மோதிரம் மாதிரி ஒரு கிருமி இருக்கு. பேபீசியான்னு பேரு. இருக்கு, பக்கா. ஆனா ஒண்ணு புரியலை. நேத்து அவன் ஈறு வெள்ளை வெளேர்னு இருந்தது. இன்னிக்கு ரிப்போர்ட்ல ஹீமோகுளோபின் பதிமூணரைக்கு மேல இருக்கு. ரத்தத்தை உறைய வைக்கற தட்டணு ரெண்டு லட்சத்துக்கு மேல. இவ்வளவு தட்டணு இருக்கறவனுக்கு மூக்குல ரத்தம் வராது. இப்ப எப்படி இருக்கான்?"

"அப்படியேதான் இருக்காம்மா," என்றார் சிங்கராயர். அது மட்டும் உண்மை.

"கொஞ்சம் வீடியோ கால்ல வாங்கோ. பார்க்கணும்."

சிங்கராயருக்கு வியர்த்தது. ஆரம்பித்துவிட்டதை நிறுத்தத் தெரியவில்லை. போனை மைனர் பக்கம் திருப்பினார். மைனர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். கேமராவைப் பார்த்ததும் தின்பதை நிறுத்தி, ஒருமுறை நெஞ்சை நக்கிக்கொண்டு, வாலை ஆட்டினான்.

அந்தப் பக்கத்தில் வந்தனா திரையை நெருங்கி உற்றுப் பார்த்தாள்.

"அங்கிள்."

"சொல்லுங்கம்மா."

"நேத்து என் துண்டைக் கிழிச்சவனுக்கு வால் நுனி வெள்ளை. இவனுக்கு வால் முழுக்கப் பழுப்பு. ஒரே நாள்ல வாலுக்கு டை அடிச்சேளா?"

இருதயமேரி ஏணியில் பாதி இறங்கி வந்திருந்தாள். அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள், மைனரின் காலில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள், சாக்கின் மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மேஜரைப் பார்த்தாள். மிச்சப் படிகளை எப்படி இறங்கினாளோ, போன் அவள் கைக்குப் போயிருந்தது.

"டாக்டரம்மா, இந்த மனுசன் தம்பி ரத்தத்த எடுத்து அண்ணன் பேருல குடுத்திருக்காரு. நான் அங்க மாதாகிட்ட முட்டுப்போட்டுக் கெடக்கேன், இவரு இங்க ஆள்மாறாட்டம் பண்ணியிருக்காரு!"

"ரெண்டும் ஒரே ரத்தந்தானே மேரி..." என்று சிங்கராயர் முனகினார்.

வந்தனா சிரித்துவிட்டாள். பட்டறை முழுவதும் கேட்கும்படி சிரித்தாள். "அங்கிள், அப்படின்னா எங்க அக்காவுக்கு டெஸ்ட் பண்ணி எனக்குக் கண்ணாடி போட்டிருக்கலாமே! அவளுக்கு மைனஸ், எனக்குப் பிளஸ்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஒரு விதத்துல நல்லதுதான். பார்க்க நன்னா இருக்கற மைனருக்கும் நோய் இருக்குன்னு தெரிஞ்சுது. சில நாய் உள்ளுக்குள்ள வெச்சுண்டே திரியும். ஆனா மேஜருக்கு என்னன்னு இப்பவும் நமக்குத் தெரியாது. ஒரு நாள் போயிடுத்து. நாளைக்குக் காலைல அவனோட ரத்தம் எனக்கு வேணும். அவனோடது."

அன்று மாலை சிங்கராயர் தேநீர் குடிக்கவில்லை. சாக்கின் பக்கத்தில், கடிக்கு எட்டாத தூரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜரின் விலா ஏறி இறங்குவதையே பார்த்தார். ஒரு பல்லுக்குப் பயந்து இந்தக் காரியம் செய்தோமே என்று இருந்தது.

காலையில் கலைச்செல்வி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "என் கையெழுத்துல தப்பான பேரு போயிருக்குண்ணே. பதினாறு வருசத்துல மொத தடவை," என்றாள். சிங்கராயர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் ஓரடி எடுத்து வைத்ததும் மேஜர் உறுமினான். சிங்கராயர் நெருங்கியதும் இன்னும் பலமாக உறுமினான். இருதயமேரி ஈரல் துண்டை நீட்டினாள். ஈரலையும் சேர்த்து உறுமினான். பிறகு தள்ளாடி எழுந்து, சந்தைக் கடந்து, ஹமீது பட்டறையின் தகரப் பட்டைக்கு இந்தப் பக்கம் போய் விழுந்தான்.

மிஷின் நின்றது.

தொழுகைக்குப் போகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று சிங்கராயர் தயங்கினார். இருதயமேரி தயங்கவில்லை. "பாய், அவன் உங்க பேச்சத்தான் கேப்பான்."

ஹமீது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நேத்தே கூப்புடுவீகன்னு நெனச்சேன்," என்றார். "இருங்க, துணிய மாத்திட்டு வாரேன்."

பழைய லுங்கியும் கிழிந்த பனியனுமாக வந்தார். பட்டையைத் தாண்டி வெளியே வந்து, சந்தின் ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் அவர் அந்த நாயின் பக்கத்தில் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை. மேஜர் தலையைத் தூக்கி அவரை முகர்ந்தான். நம்பமுடியாதவன் போல இன்னொரு முறை முகர்ந்தான். பிறகு தாடையை அவர் தொடையின் மேல் வைத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டான். ஹமீது கையை அவன் கழுத்தின் மேல் வைத்தார். முதலில் விரல் நுனி, அப்புறம் முழுக்கை.

"என்னல இப்படிக் கொதிக்கி?" என்றார். பிறகு வழக்கம்போலப் பேச ஆரம்பித்தார். "கேளு, அந்த வாஷிக்காரன் நேத்து போன எடுத்துட்டான். எடுத்து என்ன சொல்லுதான் தெரியுமா? நான் அனுப்புன பையில ஜிப்பு இடப்பக்கமா தெறக்குதாம். இவன் வலக்கைக்காரனாம். பைய திருப்பிப் புடில மடையான்னு சொன்னேன்..."

கலைச்செல்வி காது நுனியைத் துடைத்துக் குத்தினாள். மேஜரின் உடம்பு ஒருமுறை இறுகியது.

"...திருப்பிப் புடிச்சா லோகோ தலகீழா வருதாம். அசையாத. அதுக்கு நான் என்ன செய்ய?"

ஒரு சொட்டு. தகட்டில் ஒரு தீற்றல். மேஜரின் ரத்தம் தம்பியுடையதைவிட நீர்த்துப்போய், வெளிறித் தெரிந்தது. பிறகு முன்னங்கால். இரண்டு மில்லி ஏறுவதற்குள் ஹமீது வாஷிக்காரனின் மூன்று தலைமுறையையும் இழுத்துவிட்டார். ஊசி போட்ட இடத்தைக் கலைச்செல்வி ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குமுன் கையை எடுத்தால் ரத்தம் நிற்கவில்லை. மேஜர் ஹமீதின் முழங்கையை ஒருமுறை நக்கினான்.

"போச்சு," என்றார் ஹமீது. "நாய் நக்குனா ஏழு தடவ கழுவணும். அதுல ஒரு தடவ மண்ணு போட்டு."

தாராவிச் சந்தில் சுத்தமான மண்ணுக்கு எங்கே போவது? எல்லாம் சிமெண்டும் ஓடுமாக இருந்தது. கடைசியில் எல்லோருடைய பார்வையும் இரும்பு ஏணியின் மேல் படியில் இருந்த இருதயமேரியின் ரோஜாத் தொட்டியில் போய் நின்றது.

"அதுல இப்பத்தான் ரெண்டு மொட்டு வந்திருக்கு," என்றாள் இருதயமேரி. பிறகு அவளே ஏறிப் போய், வேரைத் தொடாமல் ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தாள். ஹமீது கழுவ, சிங்கராயர் வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றினார். ஐந்தா ஆறா என்று இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மதியம் சிங்கராயர் மாட்டுங்காவுக்குத் தனியாகப் போனார். வந்தனா அவரை மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரவைத்தாள். முதலில் மைனரின் தகடு. இளஞ்சிவப்பு வட்டங்கள் நெருக்கமாகக் கிடந்தன. ஏதோ ஒரு வட்டத்துக்குள் மட்டும் பேனா முனையால் தொட்ட மாதிரி ஒரு சின்ன ஊதா வளையம். "இது தம்பி," என்றாள். தகட்டை மாற்றினாள். "இது அண்ணன்." வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கூட்டம் கலைந்த ரயில்வே பிளாட்பாரம் போல இருந்தன. ஒரு வட்டத்துக்குள்ளும் வளையம் இல்லை. ஆனால் நடுவில் பெரிதாக ஒரு வெள்ளணு. அதன் வயிற்றில் முசுக்கொட்டைப் பழம் போலப் புள்ளிகள் திரண்ட ஒரு கொத்து.

"எர்லிக்கியான்னு வேற கிருமி. கண்ணுல படறது கஷ்டம், கலைச்செல்வி ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடிச்சா. கிட் போட்டும் பார்த்துட்டேன், அதேதான். தட்டணு இருபத்தி ரெண்டாயிரம்தான் இருக்கு."

சிங்கராயர் கண்ணை எடுக்காமலே கேட்டார். "நேத்து அந்த ரிப்போர்ட்ட வெச்சு மருந்து குடுத்திருந்தா?"

"மேஜரோட கிருமியை அந்த மருந்து தொட்டுக்கூடப் பார்த்திருக்காது. நாம குணமாயிடும்னு காத்துண்டு இருந்திருப்போம். அவன்கிட்ட அவ்வளவு நாள் இல்லை, அங்கிள்."

சிங்கராயர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்கவேண்டிய அளவுக்கு அதிகமாகவே துடைத்தார்.

மேஜருக்கு இருபத்தெட்டு நாள் மாத்திரை. மைனருக்கு வேறு இரண்டு மருந்து, பத்து நாள். அதில் ஒன்று வாயில் ஊற்றவேண்டிய மஞ்சள் திரவம். மூன்றாம் நாள் மேஜர் ஈரல் துண்டைத் தின்றான், அதற்குள் இருந்த மாத்திரையோடு. ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம் நின்றது. கொடுத்ததை விழுங்கிவிட்டு அவன் சமர்த்தாகப் படுத்துக்கொண்டான். சாது என்று பெயரெடுத்த மைனர்தான் மஞ்சள் மருந்தைக் கண்டதும் மிஷினுக்கு அடியில் புகுந்தான், துப்பினான், ஏழாம் நாள் சிங்கராயரின் மற்றொரு கட்டைவிரலையும் பதம் பார்த்தான். "நல்லா வேணும்," என்றாள் இருதயமேரி.

உண்ணிகளை ஒழிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவை நாயின் மேல் இருந்ததைவிடச் சுவர் வெடிப்பில் அதிகமாக இருந்தன. துண்டுத் தோல் சாக்குகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டார்கள். பட்டறைக்கு மருந்து அடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹமீதும் சிங்கராயரும் ஆளுக்கொரு கரண்டியோடு இரண்டு பட்டறையின் வெடிப்புகளையும் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். மாதா படத்தைக் கழற்றியபோது அதன் பின்னால் பதினொரு உண்ணிகள் வரிசையாக இருந்தன. இருதயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு செருப்பை எடுத்தாள்.

நான்காவது வாரம் மேஜரை மாட்டுங்காவுக்கு அழைத்துப் போனார்கள். ஹமீதும் பழைய லுங்கியில் வந்தார். தட்டணு ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஈறு இளஞ்சிவப்பு. "மாத்திரை தீர்ந்ததும் நிறுத்திடலாம்," என்றாள் வந்தனா. "மைனரை மட்டும் மூணு மாசத்துக்கு ஒருதரம் காட்டுங்கோ. அவனுக்கு இருக்கறது திரும்பி வரக்கூடிய ஆசாமி."

திரும்பும்போது டாக்ஸி கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் நின்றது. பக்கத்தில் ஒரு சிவப்பு பெஸ்ட் டவுன் பஸ் வந்து உறுமியது. பின் சீட்டில், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மேஜர் எழுந்தான். முன்னங்கால் இரண்டையும் ஹமீதின் மடியில் ஊன்றி, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பஸ்ஸைப் பார்த்துக் குரைத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த குரல் முதலில் பிசிறியது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்தார். டாக்ஸி டிரைவர் திரும்பி, "அரே சாச்சா, சுப் கராவ் உஸ்கோ!" என்று நாயை அடக்கச் சொல்லிக் கத்தினார்.

சிங்கராயர் ஹமீதைப் பார்த்தார். அந்த நாயை அடக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

ஹமீது அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார்.